சாயம் ஏறிய எண்

பத்தொன்பது. அந்தப் பெண் சொன்னது பத்தொன்பதுதான், புள்ளிக்குப் பின்னால் ஏதோ சொன்னாள், நான் கேட்டுக்கொள்ளவில்லை, பத்தொன்பது என்று காதில் விழுந்ததும் மற்றதெல்லாம் வேண்டாததாகிவிட்டது. இப்போது இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், சுவர் ரோஜா நிறத்தில் இருக்கிறது. வெள்ளைச் சுவர்தான். படம் எடுக்கும்போது கண்ணுக்குள் அடித்த நீல வெளிச்சம் போன பிறகு கொஞ்ச நேரம் உலகம் இப்படித்தான் சிவந்து தெரியும் என்று சொன்னார்கள். சிவந்த உலகத்துக்காக நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு ஒரு ஊசியில் அதைக் காட்டிவிட்டார்கள். போன ஆடியில் அறுபத்திரண்டு. அப்புறம் நாற்பத்தெட்டு. ஐப்பசியில் நாற்பத்தொன்று. நான்காம் நம்பர் ரூமில் இருக்கும் அந்த மெஷின் ஒரு சிவப்பு ஒளிக்கோட்டைக் கண்ணுக்குள் விடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரில் எவ்வளவு கலங்கல் மிதக்கிறது என்று அந்த வெளிச்சம் சிதறுவதை வைத்து எண்ணிச் சொல்கிறது. அழற்சி இருந்தால் கலங்கல், கலங்கல் இருந்தால் எண் ஏறும், அவ்வளவுதான், ஃபிளேர் என்கிறார்கள். இருபதுக்குக் கீழே வந்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று டாக்டரம்மா போன தடவை சொன்னார். அந்த மாத்திரை என் முகத்தை உப்ப வைத்திருக்கிறது, சர்க்கரையை முந்நூறுக்கு ஏற்றியிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் என் பெயரே கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. காரணமில்லாமல் என்பது என் மகள் கிளாரா சொல்வது. எனக்கு எப்போதும் காரணம் இருந்திருக்கிறது. காலையில்கூட இருந்தது. காலையில், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், பத்தொன்பது நல்ல எண், இரண்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த எண்.

காலையில் என் டோக்கன் இருபத்திமூன்று. எட்டு மணிக்கே வந்துவிட்டோம். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தை மூன்று தடவை விட்டு இந்த நடையில் உட்கார வைத்தார்கள், எழுத்தெல்லாம் கலைந்துபோயிற்று. கண் விரிந்தால் என்ன, காது விரியாமலேயே நன்றாகக் கேட்கும். ஊசியில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுக்கும் டை ரூம் வாசலில் இருபத்தேழு என்று கூப்பிட்டார்கள். இருபத்தேழு எழுந்து போனார், தோல்பை வைத்திருந்தார், ஷூ சத்தம் கேட்டது. அப்புறம் இருபத்தாறு. நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைத் தாண்டி ஒருத்தன் போவதை நான் பார்த்துக்கொண்டு இருந்தது கிடையாது, மில் கேண்டீனில் டீ வரிசையிலேயே இருந்தது கிடையாது. எழுந்தேன். கிளாரா சட்டையைப் பிடித்து இழுத்தாள், அப்பா அவங்களுக்கு வேற டெஸ்ட்டா இருக்கும், சும்மா உக்காருங்க என்றாள். சும்மா உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று எட்டுப் பக்கத்தில் எழுதி இருபதாயிரம் பிரதி அடித்து விநியோகித்தவனிடம் சொல்கிறாள். வாசலில் நின்று கேட்டேன், என்ன கேட்டேன் என்பதைவிட எந்தக் குரலில் கேட்டேன் என்பதுதான், அந்தக் குரல் மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குப் போகும் குரல், எழுபத்தொரு வயதிலும் அது மட்டும் இளைக்கவில்லை. ஷூ போட்டவனுக்கு ஒரு சட்டம், செருப்பு போட்டவனுக்கு ஒரு சட்டமா என்றேன். நடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஆமா ஆமா என்றார்கள். அது போதும் எனக்கு. டை ரூம் சிஸ்டர், சட்டையில் மரகதம் என்று பெயர் குத்தியிருக்கிறாள் என்று கிளாரா பிறகு சொன்னாள், அந்தப் பெண் கையில் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள். ஃபிளேர் பாத்தாச்சுங்களா ஐயா? இதுதான் அவள் கேட்டது. எனக்கு எப்படிக் கேட்டது என்றால், இன்னும் ஒரு சாக்கு, இன்னும் ஒரு வாசலுக்கு அனுப்பிக் கடைசியில் நிறுத்தப் போகிறாள் என்று கேட்டது. எல்லாம் ஆச்சும்மா, என்றேன். எல்லாம் ஆச்சு. இரண்டு வார்த்தை. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பின்னால் கூட்டம் முணுமுணுத்தது, சரி வாங்க என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கையில்தான் ஊசி குத்தினாள்.

சாயம் ஏறும்போது முதலில் ஒன்றும் தெரியாது, பத்தோ பன்னிரண்டோ எண்ணினால் அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் எழும்பித் தொண்டையில் நின்று திரும்பிப் போகும். வாயில் துருப்பிடித்த ஆணி ருசி. மஞ்சள் சாயம், நல்ல திருப்பூர்ச் சாயப்பட்டறை மஞ்சள், ரத்தத்தோடு ஓடிக் கண்ணின் பின்சுவரில் எங்கெங்கே குழாய் ஒழுகுகிறது என்று காட்டிக்கொடுக்கும். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். முடிந்து வெளியே வந்து முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் நான்காம் நம்பர் ரூமிலிருந்து பட்டியலைப் பார்த்து நஞ்சப்பன் என்று கூப்பிட்டார்கள், போனேன். இருட்டு அறை. புதுப் பெண். தாடையை இதில் வையுங்க, சிவப்புப் புள்ளியைப் பாருங்க, இமைக்காதீங்க. ஏழு தடவை. அந்த இருட்டில் நான் எந்த நிறத்தில் இருந்தேன் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அவள் கேட்கவும் இல்லை. பத்தொன்பதுங்க ஐயா, சூப்பரா எறங்கிருச்சு என்றாள். எழுந்து, நன்றி சொல்லி, கதவைத் தள்ளி, வெளிச்சத்துக்கு வந்து, இந்த நாற்காலியைக் கையால் தடவி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகத்தில் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. போன இரண்டு தடவையும் அந்த ரூமில் இருந்தவள் ஜெசிந்தா. நான் எதையும் ஏன் என்று கேட்கிறவன், ஏன் முதலில் இந்த ரூம், அப்புறம் ஊசி, மாற்றிச் செய்தால் என்ன என்று ஐப்பசியில் கேட்டேன். அவள் சலித்துக்கொள்ளாமல் சொன்னாள். டை ஏத்திட்டா அது கண்ணுக்குள்ள இருக்கற தண்ணியிலயும் கசிஞ்சு வந்துருங்க ஐயா, உங்க கண்ணு மாதிரி ஒழுகற கண்ணுல சீக்கிரமே வந்துரும். அதுக்கப்புறம் எங்க மெஷின் கூடவும் சொல்லலாம், கொறையவும் சொல்லலாம், அத நம்பி நாங்க எதுவும் செய்ய மாட்டோம். அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. அளக்கிறவளுக்கு ஒரு நேர்மை இருக்கிறது என்று கிளாராவிடம்கூடச் சொன்னேன்.

கூடவும் சொல்லலாம், குறையவும் சொல்லலாம். அப்படியானால் பத்தொன்பது என்பது இருபத்தைந்தாக இருக்கலாம், நாற்பதாக இருக்கலாம், ஏன், பதினைந்தாகவும் இருக்கலாமே. நிஜமாகவே இறங்கியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இறங்கித்தானே வந்திருக்கிறது, அறுபத்திரண்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, அடுத்தது பத்தொன்பதாக இருக்கக் கூடாதா, ஒரே தாவலில் பாதிக்கு மேல் இறங்கக் கூடாதா. கூடாது என்று எந்தச் சட்டம். இப்படி நான் மற்றவர்களிடம் வாதாடியிருக்கிறேன், என்னிடமே வாதாடும்போது எதிர்க்கட்சி வக்கீலும் நானாக இருக்கிறேன், அவன் சிரிக்கிறான். அவன் என் வலது கண்ணைக் காட்டுகிறான். வலது கண்ணில் இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். போன வருஷம் நானாக மாத்திரையை நிறுத்தினேன். மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையைப் பற்றி நானே எழுதிய பிரசுரத்தை நானே நம்பி நிறுத்தினேன். மூன்று வாரத்தில் கண் செக்கச் செவேலென்றாகி, அப்புறம் பனி விழுந்த மாதிரி ஆகி, அப்புறம் பனி விலகவே இல்லை. கிளாரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ஜெர்மன் பெண் தோழரின் பெயரைக் கட்சிப் பிரசுரத்தில் படித்துவிட்டு அவளுக்கு வைத்தேன், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளை வேதக்காரப் பெண், கிறிஸ்தவ வீட்டுப் பெண் என்று நினைத்தார்கள், அதற்கும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. மிச்சம் இருப்பது இந்த இடது கண். இதில்தான் பேப்பர் படிக்கிறேன், சங்கத்துப் புதுப் பையன்கள் அடிக்கும் நோட்டீஸில் பிழை திருத்துகிறேன், அவர்கள் திருத்தச் சொல்லி அனுப்புவதில்லை, நானாகத் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். பத்தொன்பது பொய்யாக இருந்து மாத்திரையைக் குறைத்தால் இந்தக் கண்ணிலும் பனி விழும். வாயைத் திறந்து சொன்னால் மாத்திரை குறையாது, இந்தப் பூசணிக்காய் முகத்தோடும் நடுங்கும் கையோடும் இன்னும் இருக்க வேண்டும், அதுகூடப் பரவாயில்லை. பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். யாரிடம்? வெள்ளைக் கோட் போட்டவரிடம். நிர்வாகத்திடம். நிர்வாகத்திடம் நான் தப்பு என்று சொன்னதே கிடையாது, சஸ்பெண்ட் செய்தபோதும் சொல்லவில்லை, ஜெயிலில் சொல்லவில்லை, அன்றைக்கு அந்தக் கமிஷனர் நேருக்கு நேராகக் கேட்டபோதும்.

எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அய்யாவு. எங்கள் மில்லின் புளோ ரூமில் பஞ்சை உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவன், பார், அங்கேயும் பத்தொன்பது. திங்கட்கிழமை காலையில் மார்பு இறுகும் அவனுக்கு, லீவு நாளில் மூச்சு கொஞ்சம் இளகிவிட்டு மறுபடி தூசியில் வந்து நின்றால் கட்டிக்கொள்ளும். தூசி அளவு கூடுதல் என்று நிரூபித்தால் அவனைப் போல முப்பது பேருக்கு நஷ்டஈடு. அளக்க ஆள் வருகிற அன்றைக்கெல்லாம் மானேஜர் விடியற்காலையில் தரையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவான், தூசி படிந்துவிடும், எண் இறங்கிவிடும். நான் அதை வெளியே கொண்டுவந்தேன். தரையைக் கழுவினாய், நுரையீரலைக் கழுவுவாயா என்று நான் எழுதிய வரியைச் சுவரெல்லாம் எழுதினார்கள். கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அளக்கச் சொல்லி உத்தரவு வாங்கினோம். அளக்கிற ஆள் வரும் நாள் எங்களுக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்தது, லேபர் ஆபீஸில் நம் ஆள் ஒருவன் இருந்தான். முந்தின ஷிப்டில் நான்தான் சொன்னேன். கழிவுப் பஞ்சு மூட்டை நாலைப் பிரித்து, அந்த ஆள் வருவதற்கு அரை மணி முன்னால், கம்பால் அடி என்று அய்யாவுவிடம் சொன்னேன். எதற்கு நஞ்சப்பா என்றான். மானேஜர் இத்தனை வருஷம் எண்ணைக் கீழே இழுத்தான், நாம் ஒருநாள் மேலே தூக்குவோம் என்றேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தான். இருமிக்கொண்டே அடித்தான். எண் வந்தது. உலகத்தில் எந்த மில்லிலும் வராத எண் வந்தது. கம்பெனி கொண்டுவந்த நிபுணன் அதைப் பார்த்துச் சிரித்தான், இந்தக் காற்றில் மனிதன் பத்து நிமிஷம் நிற்க முடியாதே, எப்படி எட்டு மணி நேரம் நிற்கிறார்கள் என்றான். நஷ்டஈட்டு வழக்கை விசாரித்த கமிஷனர் கெட்ட மனிதர் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார், அளக்கும் முன் யாராவது பஞ்சைக் கலைத்தார்களா, சொல்லிவிடுங்கள் என்றார். இல்லை என்றேன். அதே குரலில். ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரலில். ஒரு வாட்ச்மேனும் ஒரு மேஸ்திரியும் வந்து பார்த்ததைச் சொன்னார்கள். அளவு தள்ளுபடி, வழக்கும் தள்ளுபடி. முதலாளியின் சதி என்று நான்கு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்த நான்கு பக்கம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அய்யாவு அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தான். கடைசியில் படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் பதில் இல்லாத திட்டு கிடையாது. ஒரு நாள் மத்தியானம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிச் சொன்னான். நஞ்சப்பா, அன்னிக்கு நாம அடிக்காம சும்மா இருந்திருந்தாலும் நம்பர் வந்திருக்குமாட்ட இருக்குது. அங்க இருந்த தூசியே போதும். சுளையை அவன் கையில் வைத்தேன். அப்படியெல்லாம் இல்லடா என்று சொன்னேனா, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேனா, முப்பத்தைந்து வருஷமாக இந்த இடத்தில் வந்ததும் ஞாபகம் முறுக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆரஞ்சு வாசனை மட்டும் வருகிறது. இப்போதும் வருகிறது, பக்கத்தில் யாரோ உரிக்கிறார்கள்.

எழுந்தேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனேன். நின்று பார்த்தால், மூத்திரம் வெறும் மஞ்சள் என்று சொல்ல முடியாது, பச்சை கலந்து மினுங்கும் ஒரு மஞ்சள், வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஓடிற்று. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால் அதில் ஒரு காமாலைக்காரன் நிற்கிறான், உப்பிய முகம், நரைத்த மீசை, கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரண்டு டெஸ்ட்டும் முடிந்து டாக்டர் முன்னால் போய் உட்காருகிற எல்லாருமே மஞ்சள்தான், எது முதலில் எது பின்னால் என்று மஞ்சள் சொல்லாது. படமும் அதை எடுத்த நேரமும் சாயங்காலம்தான் கம்ப்யூட்டரில் ஏறும் என்றார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் பயமாக இருந்தது. எதிரி இல்லாத இடத்தில் நிற்கிற மாதிரி இருந்தது, தடுக்க ஒரு போலீஸ்காரன்கூட இல்லை. வெளியே கிளாரா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். நிறைய குடிக்கச் சொன்னாங்க, சீக்கிரம் வெளிய போயிருமாம் என்றாள். போகட்டும் என்றேன். அப்புறம், நீதானே அட்டையைப் பார்த்தாய், எந்த ரூம் முதலில் என்று எழுதியிருந்ததா என்று கேட்டேன். பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். நாலாம் நம்பர் மொதல்லன்னு எழுதியிருந்துது, உங்களுக்கு முன்னால போன ஆளுங்கெல்லாம் அத முடிச்சுட்டு வந்தவங்க, நான் சொல்றதுக்குள்ள நீங்க கத்த ஆரம்பிச்சுட்டீங்க என்றாள். அப்புறம் ஏன் சொல்லலை என்றேன். எப்பப்பா கேட்டிருக்கீங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா, ஷர்மிளா பானு என்று பெயர், என் மகளைவிடப் பத்து வயது சின்னவர், எழுந்து நின்று உட்காருங்க ஐயா என்று சொல்கிறவர். விளக்கைப் போட்டு இடது கண்ணைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நன்றாக இறங்கியிருக்கிறது, பத்தொன்பது, மாத்திரையைப் பாதியாக்கிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். பேனா தாளில் பட்டது. இந்த நொடியில் சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தவனுக்கு என்ன கிடைத்தது. என் குரல் வந்தது, ஆனால் அந்தக் குரல் இல்லை, எங்கேயோ உள்ளே மாட்டிக்கொண்டு மெலிந்து வந்தது. அந்த அளவு ஊசி போட்ட பிறகு எடுக்கப்பட்டது என்றேன். எடுக்கப்பட்டது. யார் எடுத்தது, யாரால் அப்படி ஆனது, ஒன்றும் இல்லாமல், ஆளே இல்லாத வாக்கியம். எத்தனை அறிக்கையில் இந்த மாதிரி வாக்கியத்தைக் கண்டுபிடித்து, செய்தவன் யார் என்று சொல் என்று சட்டையைப் பிடித்திருக்கிறேன். டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். முகம் மாறியது. டை ரூமில் இன்றைக்கு யார், மரகதமா, போன மாதமும் அட்டையைச் சரியாகப் பார்க்காமல் ஒரு தப்பு செய்தாள், கான்ட்ராக்ட்டில் இருக்கும் பெண், இந்த முறை எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான் என்று, என்னிடம் இல்லை, தனக்குள் பேசுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். கான்ட்ராக்ட். அந்த வார்த்தையை எதிர்த்து எத்தனை நாள் உண்ணாவிரதம் இருந்திருப்பேன். இப்போது நான் வாயை மூடிக்கொண்டால் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் வேலை போகும், போக வைத்தது நிர்வாகம் என்று நான் நான்கு பக்கம் எழுதலாம், நன்றாகவும் வரும்.

"போனை வைங்க. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஃபிளேர் பாத்தாச்சான்னு என்னக் கேட்டுச்சு. ஆச்சுன்னு நாந்தான் பொய் சொன்னேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கிளாரா என் பின்னால் நின்றிருந்தாள், அவள் மூச்சு விடுவது கேட்டது. எதற்காகப் பொய் சொன்னேன் என்று கேட்பார், வரிசை, ஷூ, செருப்பு, சட்டம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. போனை வைத்தார். பத்தொன்பதின் மேல் ஒரு கோடு போட்டார், நேரான கோடு, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப சொன்னீங்களே, அது போதுங்க ஐயா. மாத்திரை அதே அளவு இருக்கட்டும். அடுத்த புதன்கிழமை வாங்க, மறுபடி அளந்துக்கலாம்."

மறுபடி அளந்துகொள்ளலாம். அவ்வளவுதானா. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கிளாரா தோளைத் தொட்டாள், வாங்கப்பா, அடுத்த ஆள் நிக்கறாங்க என்றாள். அந்தக் கமிஷனர் மேஜையில் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது, உள்ளே நீலப் பூ, அதையே பார்த்துக்கொண்டுதான் இல்லை என்று சொன்னேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவரும் ஒரு கோடு போட்டிருப்பார். இன்னொரு புதன்கிழமை சொல்லியிருப்பார். அய்யாவு மெஷின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருப்பான், யாரும் கழுவாமல், யாரும் அடிக்காமல், அங்கே இருந்த தூசி தானாக எழும்பித் தானாகப் படிந்துகொண்டிருக்க, அளக்கிற ஆள் குழாயை நீட்டி அதை அளந்திருப்பார்.